படி இல்லாத வீடு

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் எங்காவது சேர்ந்துவிட்டால், ரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் பேசி முடித்த பிறகு ஒரு கேள்விக்கு வந்து நிற்போம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டில் மதராசே காலியானதே, அந்தச் சித்திரையில் உங்கள் வீட்டில் எங்கே ஓடினீர்கள்? ஒருவர் கும்பகோணம் என்பார். ஒருவர், மாட்டு வண்டியிலேயே ஆற்காடு வரை போனோம் என்பார். நான் திருத்தணி என்பேன். "அங்கே யார் வீட்டில் இருந்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் எனக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வருவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா டிராம் கண்டக்டர். பட்டணத்தில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, டிராம் ஓடத்தான் வேண்டும். அவர் நகர முடியாது. அம்மாவும் நானும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் கிளம்பினோம். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது என்னை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே திணித்தார்கள். படுக்கவைத்தால் கண்ணை மூடும் பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. அது பிளாட்பாரத்திலேயே விழுந்துவிட்டது. இன்றைக்கும் அரக்கோணத்தைக் கடந்தால் கண் தானாகத் தரையைத் தேடும்.

திருத்தணியில் அம்மாவின் அக்கா இருந்தாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் பெரியப்பா, தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அவரை அந்தப் பக்கத்து வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவாள். அவர் வீடு ஏற்கெனவே உறவுக்காரர்களால் நிரம்பி வழிந்தது. வாசலில் நின்ற எங்களைப் பார்த்து அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்குன்னு தனியா ஒரு ஊடே வச்சிருக்கேன், வாங்க" என்றார்.

மலைக்குக் கிழக்கே, கல் உடைக்கிற இடத்துக்குப் போகும் வண்டிப்பாதையில், புதிதாக ஆறு வீடுகள் வரிசையாக நின்றன. செங்கல் சுவர், நாட்டு ஓடு, பச்சை மர வாசனை போகாத கதவு. முந்தின கோடையில் அங்கே இருந்த கூலிக்காரர்களின் குடிசைகள் மொத்தமாக எரிந்து போனதாம். பெரியப்பாதான் அலைந்து திரிந்து, வெல்லமண்டி முதலாளியையும் ஒரு வக்கீலையும் பிடித்து, கமிட்டி ஒன்று வைத்து, நன்கொடை வாங்கி அந்த வீடுகளைக் கட்டினார். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக்கு உடம்பால் உழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த வீடு யாருக்கு என்று அஸ்திவாரம் போடும்போதே சீட்டுப் போட்டும் ஆயிற்று. சித்திரையில் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டியது. அதற்குள் பட்டணத்துச் சனம் வந்து இறங்கிவிட்டது.

"அப்போ அவங்க எங்க பாவா இருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பின்னாடி கொட்டகையிலதான். பொறந்ததிலேருந்து கொட்டகையில இருந்தவங்கதானே. இன்னும் ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆயிடாது" என்றார் பெரியப்பா. அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையோடு எங்களுக்குத் தண்ணீர்க் குடமும் கொண்டுவந்து வைத்தார்.

அந்த வீட்டின் வாசனையை இப்போதும் என்னால் கூப்பிட்டு வரவழைக்க முடியும். ஈரச் சுண்ணாம்பு, அது இறுகுவதற்காகச் சேர்த்து அரைத்த கடுக்காயின் துவர்ப்பு, வெல்லத்தின் லேசான புளிப்பு. சுவரை நக்கிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினேன். மத்தியானம் குரங்குகள் மலையிலிருந்து இறங்கி ஓட்டின் மேல் ஓடும். கல் உடைக்கும் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை விடாது கேட்கும்.

அம்மாவுக்கு வீடு பிடிக்கவில்லை. எனக்கு அளவில்லாமல் பிடித்தது. காரணம் ஒன்றுதான்: அதில் எல்லாமே தப்பான இடத்தில் இருந்தன.

வாசற்படி இல்லை. நிலைக்குக் கீழே குறுக்காக ஒரு கல் கிடக்குமே, தாண்டி உள்ளே போவோமே, அது இல்லவே இல்லை. வெளியே இருக்கும் தரை மெல்லச் சரிந்து ஏறி, தடையே இல்லாமல் வீட்டுக்குள் வந்துவிடும். விளக்கு வைக்கிற மாடம் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உத்திரத்திலிருந்து தடித்த கயிறு ஒன்று தொங்கியது, இடையிடையே முடிச்சுகளோடு. நான் மற்ற ஐந்து வீடுகளுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் படி இருந்தது. மாடம் இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது. கயிறு எதிலும் இல்லை.

யாருக்காக இப்படிக் கட்டினார்கள்? குள்ளர்களுக்காகவா? ஒருவேளை கன்றுக்குட்டி வளர்ப்பவர்களோ? கயிறு கன்றைக் கட்டுவதற்கு என்றால் அதில் முடிச்சுகள் எதற்கு? பகலெல்லாம் இதே யோசனை. அம்மா அந்தக் கயிற்றில் தம்பிக்குத் தூளி கட்டிவிட்டாள். மாடத்தில் மண்ணெண்ணெய் பாட்டிலையும் செருப்புகளையும் வைத்தாள். ஆனால் படி இல்லாததை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை. மஞ்சள் பூச இடமில்லை, குங்குமம் வைக்க இடமில்லை.

"இன்னா ஊடு பாவா இது? படி இல்லாத ஊட்ல லட்சுமி எப்படித் தங்குவா? கைக்கொழந்த வேற இருக்குது. பாம்பு பூச்சி நேரா உள்ள வந்துடாதா?"

"கொத்தன் மறந்துட்டிருப்பான். போட்டுடச் சொல்றேன்" என்றார் பெரியப்பா.

கமிட்டியையே நடத்தியவர் அவர். தினமும் குடை பிடித்துக்கொண்டு வந்து சுவர் எழும்புவதைப் பார்த்தவர். அவருக்கும் காரணம் தெரியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் கொத்தனார் வழவழவென்று கொத்திய ஒரு கருங்கல்லோடு வந்தார். வைப்பதற்கு முன் தயங்கினார்.

"ஐயா, இந்த ஊட்டுக்குப் படி வேணாம்னு அந்தம்மா கேட்டுகினாங்க."

"எந்தம்மா?"

"கல்லு ஒடைக்கிற அம்மாங்க. சீட்டுல இந்த ஊடு விழுந்துச்சே, அவங்க."

"அது கெடக்குது. காசு மிச்சமாவும்னு சொல்லியிருக்கும். நீ போடு."

கொத்தனார் போட்டார். அம்மா அன்று சாயங்காலமே மஞ்சள் அரைத்துப் பூசி, பொட்டு வைத்து, அதன் பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் அம்மாவும் தம்பியும் தூங்கும் நேரத்தில், வெளியே 'தப், தப்' என்று ஒரு சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் மாதிரி இருந்தது; ஆனால் காலடி இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். என் வயதோ, ஒரு வயது கூடவோ இருக்கும் ஒரு பெண், தரையில் உட்கார்ந்தபடி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி முன்னால் வைப்பாள். மடங்கிய கால்கள் பின்னாலேயே வரும். உள்ளங்கைகளில் பழைய சைக்கிள் டயரை வெட்டி வாரோடு கட்டியிருந்தாள். கைக்குச் செருப்பு போட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படிக்கு முன்னால் வந்து நின்றாள். மஞ்சளையும் பொட்டையும் பார்த்தாள்.

"இத யாரு வச்சது?"

"கொத்தனாரு. எங்க பெரியப்பா வைக்கச் சொன்னாரு."

"எடுக்கச் சொல்லு."

"ஏன்?"

அவள் டயர் கட்டிய கையால் படியை ஒரு தட்டுத் தட்டினாள். என் தலைக்குள் மாடமும் கயிறும் சரிவான தரையும் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. எனக்கு ஏற்பட்டது இரக்கம் என்று சொன்னால் பொய். சந்தோஷம். இத்தனை நாள் தேடிய விடை தானே தவழ்ந்து வாசலுக்கு வந்துவிட்டதே என்கிற சந்தோஷம்.

"அந்தக் கயிறு நீ புடிச்சிகினு ஏறறதுக்கா?" என்றேன்.

"ஆங். எங்க நைனா முடிச்சுப் போட்டது. நான் புடிச்சி எழுந்து ஜன்னல் மேட்டுல குந்திக்குவேன். அங்கேருந்து பாத்தா எங்கம்மா கல்லு ஒடைக்கிறது தெரியும்." பிறகு, எனக்கு ஏதாவது சந்தேகம் இருக்கக்கூடாது என்பதுபோல், "இது எங்க ஊடு. சீட்ட நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"எங்க பெரியப்பா கட்டினது."

"எங்கம்மா சுண்ணாம்பு சொமந்தது. சுண்ணாம்பு அரைக்கச்சொல்ல மாடு சுத்தி சுத்தி வருமே, அந்தக் கட்டை மேல என்னிய உக்கார வச்சாங்க. பாரமா இருந்தா நல்லா அரையும்னு. நானும் வேல செஞ்சேன்."

உள்ளே வரச்சொல்லி, இடுப்பைப் பிடித்துத் தூக்கப்போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"தூக்காத. தூக்கினு வந்து வச்சா நான் விருந்தாளி. நானா பூந்தாதான் எங்க ஊடு."

அதிலிருந்து அநேகமாக எல்லா மத்தியானமும் வருவாள். அவள் படிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவளுடைய தகப்பனார் அரக்கோணத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்காகப் போடுகிற திடலுக்குக் கல் வேலைக்குப் போயிருந்தார். ஏரோப்ளேனுக்குப் பயந்து நாங்கள் அரக்கோணம் தாண்டி ஓடி வந்ததைச் சொன்னேன். "எங்க நைனா அதுக்குத் தரை போட்டுகினு இருக்காரு" என்று பெருமையாகச் சொன்னாள். எங்களில் யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தினமும் நான் சொல்ல வேண்டும். அடுப்பில் புகை நிற்கிறதா? மழை பெய்தால் எந்த ஓட்டில் ஒழுகுகிறது? மாடத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

"செருப்பு" என்றேன்.

அவள் முகம் சிறுத்துவிட்டது. "அங்க வெளக்கு வெக்கணும். நான் ஏத்தறதுக்குன்னு எங்கம்மா கட்டச் சொன்னது." அன்று சாயங்காலம் நான் சிம்னி விளக்கைத் தூக்கி மாடத்தில் வைத்தேன். தம்பி போய்க் கையை நீட்டினான். அம்மா எனக்கு ஒன்று வைத்தாள். செருப்புகள் திரும்பவும் மாடத்துக்கே போயின.

ஒரு நாள் பெரியப்பா வீட்டுக்குத் தயிர் வாங்கப் போயிருந்தேன். கல்லுடைக்கும் அம்மாள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். நெடுநெடுவென்று உயரமானவள். முந்தானையில் கல்தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ரெண்டு மாசம்னு சொன்னீங்களே ஐயா. ஆடி வந்தா காத்து கொட்டகைய தூக்கினு போயிடும். எப்பங்க காலி பண்ணுவாங்க?"

பெரியப்பா கோபப்படவில்லை. அவளைத் தரையில் உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். "தபாரு, பட்டணத்துக்காரங்க குடுக்கிற வாடகைய நான் என் பொட்டியில போட்டுக்கல. அத வச்சி இன்னும் நாலு ஊடு கட்டப்போறோம். நீ கொஞ்சம் பொறுத்தா நாலு குடும்பம் ஊடு வாசல் பாக்கும். புண்ணியம்தானே?"

"புண்ணியம்தாங்க" என்றாள் அவள். எழுந்து முந்தானையை உதறிவிட்டு, "அந்த நாலு ஊட்டையும் கட்டி முடிச்சா, அதுலயும் வேற யாராச்சும் வந்து இருப்பாங்களா ஐயா?" என்றாள்.

குத்தலாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்ட்டு வா. பாக்கலாம்" என்றார்.

குண்டு வரவில்லை. ஆனி போய் ஆடி வந்தது. பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்களை அழைத்துப்போக ஞாயிற்றுக்கிழமை வருவதாக அப்பாவும் கடிதம் போட்டிருந்தார். அதற்கு முந்தின வியாழனோ வெள்ளியோ, பகலிலேயே வானம் கறுத்து, புழுதியை வாரி அடித்துக்கொண்டு காற்று வந்தது. பின்னாலேயே மழை. கொட்டகைகளின் கீற்றுகள் பறந்து போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். பெண்கள் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேற்றில் அவள் வந்துகொண்டிருந்தாள். கைச்செருப்பு சேற்றில் வழுக்கியது. ஒரு கை முன்னால் போனால் மறு கை சறுக்கியது. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"யாருடி அது?" என்று வந்த அம்மா, என்ன ஏது என்று கேட்காமல் அவளை அள்ளித் தூக்கி உள்ளே வைத்தாள். அவள் திமிறினாள். அம்மாவின் பிடி பெரிய பிடி.

உள்ளே வந்ததும் அவள் எங்களைக் கவனிக்கவே இல்லை. முதலில் மாடத்துக்குப் போனாள். பாட்டிலையும் செருப்பையும் எடுத்துக் கீழே வைத்தாள். ஈரப் பாவாடையால் மாடத்தைத் துடைத்தாள். பிறகு கயிற்றிடம் வந்தாள். தம்பி அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தான். தூளியை ஒதுக்கிவிட்டு, முடிச்சுக்கு முடிச்சு கையை மாற்றிப் பிடித்து, ஜன்னல் மேட்டில் ஏறி உட்கார்ந்து, "எம்மோவ், நான் நம்ம ஊட்ல கீறேன்!" என்று மழையைப் பார்த்துக் கத்தினாள்.

அம்மா கயிற்றைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள். கடைசியில் தான் மஞ்சள் பூசிய அந்தப் படியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

கல்லுடைக்கும் அம்மாள் நனைந்தபடி ஓடிவந்து வெளியிலேயே நின்றாள்.

"படி வேணாம்னு நீதான் சொன்னியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆங், நான்தாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"உங்க கிட்ட இன்னான்னு சொல்றதுங்க? நீங்க பயந்து வந்தவங்க. கொழந்தைய வச்சிகினு வேற இருந்தீங்க."

அம்மா அவர்களை உள்ளேயே படுக்கச் சொன்னாள். மழை விட்டதும் அந்த அம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். எங்கள் பெட்டி படுக்கைகளை வெளியே வேப்ப மரத்தடியில் வைத்தோம். வண்டி சாயங்காலம்தான். பெரியப்பா சாவியை வாங்கிப்போக வந்தார். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் ஒரு கூட்டத்துக்கு வீட்டை விட்டாயிற்று என்றார்.

"சாவி எங்கிட்ட இல்ல பாவா" என்றாள் அம்மா. "ஊட்டுக்காரங்க கிட்ட குடுத்துட்டேன்."

"யாரு ஊட்டுக்காரங்க?"

அம்மா கையை மட்டும் காட்டினாள். கல்லுடைக்கும் அம்மாள் சுத்தியலும் உளியுமாக வாசலில் குந்தியிருந்தாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உளியைப் படியின் மேல் வைத்தாள். முதல் அடியில் மஞ்சள் தெறித்தது. நான் அவ்வளவு ஆசையாக எதையும் வேடிக்கை பார்த்ததில்லை. கல் முதலில் வெறும் சத்தம்தான் போட்டது. பிறகு அதன் குரல் மாறியது. கடைசியில் பனங்கிழங்கு மாதிரி நேர்கோட்டில் பிளந்தது. துண்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கினாள். பள்ளத்தில் மண் கொட்டிக் கையால் அறைந்தாள்.

"கமிட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று பெரியப்பா அம்மாவைக் கேட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. அம்மா குனிந்து படுக்கைச் சுருளை இறுக்கிக் கட்டினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மாவும் அம்மாவும் அதற்குப் பிறகு என் கல்யாணம் வரை பேசிக்கொள்ளவில்லை.

பெரியப்பா நல்லவரில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டிலிருந்து அவர்களை அவர் கிளப்பவில்லை. சொன்னபடியே வாடகைப் பணத்தில் நாலு வீடுகளும் கட்டினார்; யுத்தம் முடிவதற்குள் நாலு குடும்பங்கள் குடி வந்தன. முதல் வரிசையில் இரண்டு வீடுகள் மட்டும் கடைசிவரை வாடகைக்காரர்களிடமே இருந்துவிட்டன. அவற்றுக்கான குடும்பங்கள் காத்துக் காத்து ரேணிகுண்டா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூட்டிக் கழித்தால் பெரியப்பாவின் கணக்கு லாபக் கணக்குத்தான். ஆனால் கூட்டலில் நிற்கிற மனிதர்கள் வேறு, கழித்தலில் போகிற மனிதர்கள் வேறு. அது அவருக்குப் புரிந்ததா என்று கேட்க எனக்கு வயது வந்தபோது அவர் இல்லை.

அன்று மத்தியானம், வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், நான் வேப்ப மரத்தடியிலிருந்து எழுந்து அந்த வாசலுக்குப் போனேன். உள்ளே அவள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கால் வைக்கப்போனேன்.

"இரு" என்றாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கிக் குப்பையை வாரி வெளியே போட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கைச்செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகுதான், "ஆங், இப்ப வா" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். ஒரு குவளையில் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தாள். தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க ஊட்டாண்ட போய்ச் சேர ராவாயிடுமா?"

"ஆமா."

"உங்க ஊடு எப்டி இருக்கும்?"

சொன்னேன். புரசைவாக்கத்தில் ஒரே ஒரு அறை. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். மாடியில் வீட்டுக்காரர் இருப்பார். நாங்கள் ஓடினால் தடியால் தரையைத் தட்டுவார். சுவரில் ஆணி அடித்தால் காலி செய்யச் சொல்வார்.

அவள் வெல்லத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அது உங்க ஊடு இல்லியா?"

"இல்ல. வாடகை."

"சொந்தமா ஒண்ணு கூட இல்லியா? உங்க நைனாவுக்கு?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு யாரும் என்னை அவ்வளவு கவலையாகப் பார்த்ததில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணும் கவலப்படாத. கமிட்டி ஐயா இன்னும் நாலு ஊடு கட்றாராம். உங்களுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லி எங்கம்மாவ வுட்டு கேக்கச் சொல்றேன்" என்றாள்.

ரயிலில் இதை அம்மாவிடம் சொன்னேன். தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அம்மா தட்டுவதை நிறுத்தினாள்.

"நீ இன்னா சொன்ன?"

"சரி, கேக்கச் சொல்லுன்னேன்."

அடி விழும் என்று நினைத்துக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.